டிரம்மைத்தான் இறங்கச் சொன்னேன்

தம்பி, அந்த போனை எடுத்துப் பேசுங்க. பேச வேணாம்னா கட் பண்ணிடுங்க. சும்மா அடிச்சுக்கிட்டே இருக்கட்டும்னு விடாதீங்க. சத்தம் எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல, பக்கத்துல குழந்தை அலறினாக்கூட நான் தூங்குவேன். அந்தப் பாட்டுதான். "எங்கே இறங்குறது சார்". உங்களுக்கு என்ன வயசு இருக்கும், இருபத்தஞ்சா? நீங்க பொறக்கறதுக்கு எவ்வளவோ முன்னாடி வந்த பாட்டு. அதைப் போய் போன்ல வச்சிருக்கீங்க.

அந்தப் பாட்டுல வர்ற சார் யாருன்னு தெரியுமா?

நான்தான். கஜபதி. ரிட்டயர்டு டி.டி.ஆர், அரக்கோணம். சிரிங்க, பரவாயில்ல. போன வாரம் இப்படி யாராவது சிரிச்சிருந்தா எழுந்து வேற பெட்டிக்குப் போயிருப்பேன். இன்னைக்குப் போக மாட்டேன். ஏன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி உங்க பையைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்க, நடக்கற வழியில நீட்டிக்கிட்டு இருக்கு. ஆங், போதும்.

பாட்டுல என்ன வருது? நான் பாட மாட்டேன், சொல்றேன்.

இறங்கு இறங்குன்னு சொல்றீங்களே
எங்கே இறங்குறது சார்?
இருட்டு ஓடுது, தண்டவாளம் ஓடுது
வண்டி நிக்கல சார்!

இதுல எத்தனை தப்பு இருக்கு பாருங்க. இருட்டாம். எங்க இருட்டு? காலை நேரம், கண்ணைக் கூசற வெயில். வண்டி நிக்கலையாம். வாலாஜா ரோடு ஸ்டேஷன்ல, பிளாட்பாரத்தை ஒட்டி, ஒழுங்கா நின்னுச்சு. ஓடற வண்டியிலேருந்து ஆளை இறக்கறவன் டி.டி.ஆரா, கொலைகாரனா? அதெல்லாம்கூடப் போகட்டும். பாட்டுக்காரன் நாலு கூட்டிச் சொல்வான், நாலு குறைச்சுச் சொல்வான். ஆனா நான் அவங்களை இறங்கவே சொல்லல தம்பி. டிரம்மைத்தான் இறங்கச் சொன்னேன்.

அப்ப எனக்குக் கல்யாணமாகி, என் பையன் யுவராஜ் கைக்குழந்தை. பெங்களூர் வண்டியில டியூட்டி. அரக்கோணத்துல நாலு பசங்க ஏறினாங்க. தோள் வரைக்கும் முடி, தரையைப் பெருக்கற மாதிரி பெல்பாட்டம். எங்க ரயில்வே காலனிப் பசங்கதான். 'லூப் லைன்'னு ஒரு கோஷ்டி வச்சிருந்தாங்க. ராக் மியூசிக். தமிழ்ல ராக். அதுல தலைவன் மாதிரி ஒருத்தன், கிளமென்ட். ரயில் இன்ஜின் ஷெட்டுல ஃபிட்டரா இருந்தவரோட பையன். பெங்களூர்ல யாரோ ரெக்கார்டு கம்பெனிக்காரர் இவங்க பாட்டைக் கேக்கறேன்னு வரச் சொல்லியிருக்காரு. நாலு பேர்கிட்டயும் டிக்கெட் இருந்துச்சு. அதுல நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா கூட ஒரு டிரம் செட்டு. அதுல ஒண்ணு, அண்டா மாதிரி. அதைக் கொண்டாந்து கக்கூஸ் போற வழியில வச்சிருக்காங்க. ஒரு கர்ப்பிணிப் பொண்ணு அந்தப் பக்கம் போக முடியாம நிக்குது.

"இதை புக் பண்ணி லக்கேஜ் போற பிரேக் வேன்ல ஏத்தியிருக்கணும்"னேன்.

"நேரமில்ல சார்"னான் கிளமென்ட்.

"அப்ப டிரம்மு இறங்கணும்."

"டிரம்மு மட்டும் எப்படி சார் இறங்கும்?"

"நீங்க யாரும் இறங்க வேணாம். டிக்கெட் இருக்கு, ஜம்முனு உக்காந்து போங்க. டிரம்மு வாலாஜாவுல இறங்கட்டும். ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டா, பின்னாடி வர்ற வண்டியில வரவழைச்சுக்கலாம்."

எவ்வளவு நியாயமான பேச்சு பாருங்க. வேற ஆளா இருந்தா நாலு பேரையும் சேத்து இறக்கியிருப்பான். அந்தப் பையன் என்ன சொன்னான் தெரியுமா? "கையை இங்க கழட்டி வச்சுட்டு ஆளு மட்டும் போன்னு சொல்றீங்களே சார்." எனக்கு அந்த மாதிரிப் பேச்செல்லாம் ஆகாது. வண்டி நின்னதும், "இறங்கு"ன்னேன். டிரம்மைப் பாத்துத்தான் சொன்னேன்.

நாலு பேரும் இறங்கிட்டாங்க.

அதுக்கு நான் பொறுப்பா? நீங்க படிச்சவரு, சொல்லுங்க. அடுத்த வண்டி பிடிச்சு அவங்க போய்ச் சேர்றதுக்குள்ள அந்தக் கம்பெனிக்காரர் வேற யார் பாட்டையோ கேட்டுட்டு பம்பாய்க்குப் போயிட்டாராம். டிரம் அடிக்கற பையன் அத்தோட டிரம்மைத் தொடவே இல்லன்னு சொன்னாங்க. அதெல்லாம் அவனவன் தலைவிதி. ஆனா வாலாஜா பிளாட்பாரத்துல சும்மா உக்காந்திருந்தப்பதான் அந்தப் பாட்டைக் கட்டியிருக்காங்க. அப்ப யோசிச்சுப் பாருங்க. நான் அன்னைக்குப் போனாப் போகுதுன்னு விட்டிருந்தா இந்தப் பாட்டே கிடையாது. அதை எவனாவது வாயைத் திறந்து சொல்றானா?

கேசட்டுல வந்துச்சு. யாரோ வீட்டுல பதிவு பண்ணது, கொரகொரன்னு இருக்கும். காலனி பூரா பரவி, காலேஜுக்குப் போயி, கல்யாணக் கச்சேரிக்குப் போயி, எங்க போனாலும் அதுதான். வேற எவனோ டிரம் அடிச்சிருக்கான், வண்டி ஓடற சத்தத்தையே அதுல வச்சிருக்கான். வண்டி ஒரு தண்டவாளத்துலேருந்து இன்னொண்ணுக்கு மாறற இடத்துல ஒரு தடுமாறல் வரும் பாருங்க, டடக் டடக்னு போயிட்டிருக்கும்போது ஒரு டக டக்... அதைக்கூட விடாம வச்சிருக்கான். அது நல்லாத்தான் இருக்கும். நான் இல்லேன்னு சொல்லல.

என் பொழைப்புதான் நாறிப் போச்சு. கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு பெட்டிக்குள்ள நுழைஞ்சா போதும், ஏதாவது ஒரு மூலையிலேருந்து ஒருத்தன், "எங்கே இறங்குறது சாஆஆர்?" உடனே பெட்டி பூராவும் சேந்துக்கும். டிக்கெட் வச்சிருக்கறவனும் கத்துவான். சின்னக் குழந்தைங்க கத்தும். என்கூட வேலை பாத்தவங்களே மெஸ்ஸுல தட்டுல தாளம் போடுவாங்க. "என்னைப் பத்தி இல்லய்யா அது"ம்பேன். "அப்ப யாரைப் பத்தி?"ம்பாங்க. நான் செக்ஷன் மாத்திக்கிட்டுப் போனேன். எனக்கு முன்னாடி பாட்டு போய் உக்காந்திருக்கு.

ஒருநாள் நேரா கிளமென்ட் வீட்டுக்கே போயிட்டேன். அப்ப அவனும் ஷெட்டுல வேலைக்குச் சேந்துட்டான். லுங்கியோட வந்து கதவைத் திறந்தான். "பாடு, வேணாம்னு சொல்லல. ஆனா 'வண்டி நின்னுச்சு சார்'னு மாத்திப் பாடு, அதுதான் உண்மை"ன்னேன். கொஞ்ச நேரம் முணுமுணுத்துப் பாத்தான். "மெட்டுல உக்கார மாட்டேங்குது சார்"னான். டீ குடுத்தான். குடிச்சிட்டு வந்தேன்.

இன்னும் கேளுங்க. மெட்ராஸ்ல ஏதோ கால்வாய் ஓரத்துல குடிசைகளை எடுக்க வந்திருக்காங்க. அந்த ஜனங்க புல்டோசர் முன்னாடி பிள்ளை குட்டியோட உக்காந்து இந்தப் பாட்டைப் பாடியிருக்காங்க. பேப்பர்ல படம் போட்டு வந்துச்சு. முன் வரிசையில ஒரு பொம்பள, மடியில குக்கரை வச்சுக்கிட்டு, வாயைப் பொளந்து பாடுது. எனக்கு ஒண்ணும் புரியல. அந்தப் பொம்பளையை நானா இறங்கச் சொன்னேன்? அதுக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம்? சுலோச்சனாகிட்ட காட்டினேன். சுலோச்சனா என் வீட்டுக்காரம்மா. அவ அந்தப் படத்தை ரொம்ப நேரம் பாத்துட்டு, மடிச்சு வச்சுட்டா. அவ எப்பவும் அப்படித்தான். வாய் திறந்து பேச மாட்டா.

கிச்சிலிப்பழம் வாங்கினேன், எடுத்துக்கங்க. பரவாயில்ல, எடுத்துக்கங்க. எனக்கு ஒண்ணு போதும்.

சரி, யுவராஜ் விஷயத்துக்கு வர்றேன். ஸ்கூல்ல அவனை எல்லாரும் 'சார் பையன்'னுதான் கூப்பிடுவாங்க. அவனுக்குக் கோவம் வரணுமா இல்லையா? வரல. காலேஜ் போறப்ப எங்கிருந்தோ ஒரு பழைய கித்தாரைத் தூக்கிட்டு வந்தான். கித்தார் கத்துக்கற பயலுங்க எல்லாரும் முதல்ல இந்தப் பாட்டைத்தான் கத்துக்குவானுங்களாம். விரல் வச்சுப் பிடிக்கற கார்டு மூணேதானாம், சுலபமாம். என் வீட்டுக்குள்ளயே, என் சோத்தைத் தின்னுட்டு, கதவைச் சாத்திக்கிட்டு, அதே பாட்டு. மூணு கார்டு கத்துக்க எத்தனை மாசம்? ஒரு இடத்துல தப்பு விடுவான், மறுபடி முதல்லேருந்து ஆரம்பிப்பான். எனக்கே எந்த இடத்துல தப்பு விடுவான்னு மனப்பாடம் ஆயிடுச்சு.

நான் அவனுக்கு ரயில்வே பரீட்சைக்கு ஏற்பாடு பண்ணி வச்சிருந்தேன். பரீட்சை அன்னைக்கு எங்கயோ கச்சேரிக்குப் போயிட்டான். வந்ததும் நான் சத்தம்கூடப் போடல. அமைதியாத்தான் சொன்னேன். "யுவராஜ், இந்த வீட்ல இனிமே அந்தக் கித்தாருக்கு இடமில்ல. அது வெளிய போகணும்."

"அது மட்டும் எப்படிப்பா போகும்?"னான்.

"நீ எங்கயும் போக வேணாம். சாப்பிடு, தூங்கு, அடுத்த பரீட்சைக்குப் படி. கித்தார் மட்டும் போகட்டும்."

அவனும் போயிட்டான். பெங்களூருக்கு. நான் கித்தாரைத்தான் சொன்னேன் தம்பி. அவன் சேந்து போனா நான் என்ன பண்றது? சுலோச்சனா அன்னைக்கு மட்டும் வாயைத் திறந்தா. "அன்னைக்கும் இதைத்தானே பண்ணீங்க"ன்னா. "என்னைக்கு?"ன்னு கேட்டேன். எழுந்து உள்ளே போயிட்டா. பாதியில விட்டுட்டுப் போனா எனக்கு எப்படிப் புரியும்?

அப்புறம் அவன் அங்கேயே கித்தார் சொல்லிக் குடுத்து, கல்யாணம் பண்ணி, எல்லாம் ஆச்சு. சுலோச்சனா வருஷா வருஷம் போயிட்டு வருவா. நான் போகல. வீட்டைப் பாத்துக்க ஆள் வேணுமில்ல? அரக்கோணத்துல கீழ்த்தொட்டியில தண்ணி வர்ற நேரத்துக்கு மோட்டார் போடலேன்னா அன்னைக்குப் பூரா சொட்டுத் தண்ணி கிடையாது.

இப்படி இருக்கறப்பதான் தயாளன் வந்தான்.

தயாளன்னா காட்பாடி தயாளன். எனக்கு ஜூனியர். ஒருநாள் டி.வி.யைப் போட்டா, அவன் உக்காந்திருக்கான். ரிட்டயர் ஆனவன், கறுப்புக் கோட்டை மாட்டிக்கிட்டு. கீழ எழுத்து ஓடுது, 'எங்கே இறங்குறது சார் பாடலின் நிஜ சார்'னு. பேட்டி எடுக்கற பொண்ணு கேக்குது, இவன் சொல்றான்: "ஆமாம்மா, அந்த இளைஞர்களை இறக்கிவிட்டது நான்தான். இன்னைக்கும் நினைச்சா வருத்தமா இருக்கு." சொல்லிட்டுக் கண்ணைத் துடைக்கிறான்.

வருத்தமாம்! இறக்கவே இறக்காதவனுக்கு என்ன வருத்தம்? அந்தக் காலத்துல அவன் பெங்களூர் லைன்லயே இல்ல, ரேணிகுண்டா பக்கம் ஓடிக்கிட்டிருந்தான். இத்தனை வருஷம் கல்லடியும் சொல்லடியும் பட்டது நான். எத்தனை பேர் கத்தினதைக் காதுல வாங்கிக்கிட்டு டிக்கெட் பாத்திருக்கேன்! எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் போன் பண்ணேன். "அது நான்தான்யா"ன்னேன். "நீதான் இத்தனை நாளா இல்ல இல்லன்னு சாதிச்சியே"ங்கறாங்க. அது வேற, இது வேற. நான் இல்லேன்னு சொல்றது என் இஷ்டம். இன்னொருத்தன் வந்து நான்தான்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

அப்பதான் சுலோச்சனா பெங்களூர்லேருந்து போன் பண்ணா. அந்தப் பாட்டுக்கு அங்க ஒரு விழாவாம். கிளமென்ட் வர்றானாம். தயாளனைச் சிறப்பு விருந்தாளியாக் கூப்பிட்டிருக்காங்களாம். "கூட வாசிக்கறது நம்ம யுவராஜ் கோஷ்டிதான். வந்தா வாங்க"ன்னா. பையனுக்காக நான் போகல. அதைத் தெளிவாச் சொல்லிடறேன். தயாளனுக்காகத்தான் போனேன்.

பெரிய ஹாலு. உங்க வயசுப் பசங்கதான் நிறைய. சுலோச்சனா முன் வரிசையில இடம் போட்டு வச்சிருந்தா. மேடையில கிளமென்ட் உக்காந்திருக்கான், தடியா ஒரு கண்ணாடி, மொட்டைத் தலை. அந்த முடியெல்லாம் எங்க போச்சோ. பக்கத்துல தயாளன், பொன்னாடையோட. ஒரு பேராசிரியர் பேசினாரு. "இந்தப் பாட்டில் வரும் சார் ஒரு தனி மனிதர் அல்ல. இறங்கு என்று சொல்லும் ஒவ்வொரு குரலும்தான் சார்"னாரு. எல்லாரும் கை தட்டறாங்க. தனி மனிதர் இல்லையாமே! அப்ப நான் யாரு? அங்க பொன்னாடை போட்டு உக்காந்திருக்கானே, அவன்தான் யாரு? எனக்குப் பொறுக்கல. படியேறி மேல போயிட்டேன். வாலன்டியர் பசங்க தடுத்தாங்க. டிக்கெட் செக் பண்றப்ப ஒரு குரல் வரும் பாருங்க, அது இன்னும் என்கிட்ட இருக்கு. "நகரு"ன்னேன். நகந்துட்டாங்க.

"அன்னைக்கு டியூட்டியில இருந்தது நான்"னேன்.

தயாளன் கோட்டுப் பட்டனைத் தடவறான். கிளமென்ட் கண்ணாடியைத் தூக்கி எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தான். எத்தனையோ வருஷமாச்சு, அவனுக்குக் கண்ணும் மங்கல், ஆளை அடையாளம் தெரியல. அப்புறம் மைக்கைப் பிடிச்சு, "ரெண்டு சாரும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. அன்னைக்கு யாரை இறங்கச் சொன்னீங்க?"ன்னான்.

தயாளன் முந்திக்கிட்டான். "உங்க நாலு பேரையும்தாம்பா. டிக்கெட் இல்லாம வந்தீங்க, கடமையைச் செய்ய வேண்டியதாப் போச்சு."

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். "டிக்கெட் இருந்துச்சுய்யா! நாலு பேர்கிட்டயும் இருந்துச்சு! நான் டிரம்மைத்தான் இறங்கச் சொன்னேன்!"

கிளமென்ட் சிரிக்க ஆரம்பிச்சான். சிரிச்சு சிரிச்சு இருமல் வந்து, யாரோ தண்ணி குடுத்தாங்க. எழுந்து வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான். "இவர்தான். இதை நாங்க யார்கிட்டயும் சொன்னதில்ல. சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கன்னு விட்டுட்டோம்"னான். கூட்டம் விசில் அடிக்குது. கிடைச்ச மைக்கை நான் விடல. "அப்ப இருட்டு இல்ல, வெயில்"னேன். ஓன்னு கத்தறாங்க. "வண்டி நின்னுச்சு"ன்னேன். நாற்காலி மேல ஏறி நின்னு கத்தறாங்க. என் வாழ்க்கையில நான் சொன்னதை அத்தனை பேர் அப்படி ஒத்துக்கிட்டதே இல்ல தம்பி.

அப்பதான் யுவராஜ் அவன் மைக்குக்கு முன்னாடி வந்தான். கித்தாரைத் தோள்ல மாட்டிக்கிட்டு. "சந்தேகமே வேணாங்க, இவர்தான்"னான். "எனக்கு நல்லாத் தெரியும். எங்க வீட்லயும் இவர் என் கித்தாரை மட்டும்தான் வெளிய போகச் சொன்னாரு."

ஹாலு குலுங்குது. நான் யுவராஜையே பாத்தேன். அத்தனை வருஷம் என்கிட்ட பேசாதவன், உண்மைன்னு வந்தப்ப அப்பா பக்கம் நின்னான் பாருங்க. அத்தனை பேர் முன்னாடி, 'கித்தாரை மட்டும்தான்'னு ஒத்துக்கிட்டான். எனக்கு அது போதும். கீழ பாத்தா எல்லாரும் சிரிக்கறாங்க, சுலோச்சனா மட்டும் முந்தானையால முகத்தை மூடிக்கிட்டு உக்காந்திருக்கா. சந்தோஷத்துல அழறா. வேற என்ன?

தயாளனுக்குப் போட்டிருந்த பொன்னாடையை எடுத்து எனக்குப் போட்டாங்க. ஒரே வேர்வை நாத்தம். அங்கேயே ஒரு நாற்காலி போட்டு உக்கார வச்சுட்டு, பாட்டை ஆரம்பிச்சாங்க. அவன் வாசிச்சு நான் பாத்ததே இல்ல. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுதான் கேட்டிருக்கேன். அந்தக் காலத்துல தப்பு விடுவானே, அந்த இடம் வந்தப்ப நான் நாற்காலிக் கையைப் பிடிச்சுக்கிட்டேன். சரியா வாசிச்சுட்டான். விரலைக்கூடப் பாக்கல.

அவன் வீட்லதான் தங்கினேன். மருமக நல்ல மாதிரி, தோசை மட்டும் கொஞ்சம் தடிமன். சுலோச்சனா இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன்னுட்டா. நீங்களும் இருங்கன்னாங்க. மோட்டார் போட ஆள் வேணுமேன்னு கிளம்பிட்டேன். காலையில யுவராஜ்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்தான். வழியில வர்றப்ப அவனும் ஒண்ணும் பேசல, நானும் பேசல. என்னத்தைப் பேசறது? மேடையிலதான் எல்லாம் பேசியாச்சே.

பெட்டிக்குள்ள ஏறி, என் பையைச் சீட்டுக்கு அடியில தள்ளி வைக்கக் குனிஞ்சான். இதோ, நீங்க உக்காந்திருக்கற இடத்துலதான். அப்பதான் பாத்தேன். உச்சந்தலை பூரா நரை. வீட்டை விட்டுப் போறப்ப கருகருன்னு சுருட்டையா இருக்கும், சீப்பு உள்ளே போகாது. மேடை வெளிச்சத்துல எனக்குத் தெரியல. வீட்டுலயும் கவனிக்கல. அவன் வயசுல எனக்கு ஒரு முடி நரைக்கல தம்பி. அவங்க அம்மா பக்கத்து வாகு போல.

ஏதாவது சொல்லணுமே. "டை அடிக்கலாமில்ல?"ன்னேன்.

"அடிச்சிட்டிருந்தேம்பா. நிறுத்திட்டேன்"னான்.

"எப்ப அடிச்சே, எப்ப நிறுத்தினே?"ன்னு கேக்கலாம்னு பாத்தேன். அவன் கீழ இறங்கி ஜன்னல்கிட்ட வந்து நின்னான். ஜன்னல் கம்பி மேல கையை வச்சான். அதுக்குள்ள வண்டி எடுத்துட்டாங்க.